கரு மேகம்: கிங்ஸ்லி ஏன் சாகணும்?

பண்ருட்டி
1 செப்டம்பர் 2025, இரவு 10:12

வானியலாளர் ஃப்ரெட் ஹாயிலின் அறிவியல் நாவல் ‘தி பிளாக் கிளவுட்’, 1957இல் வந்தது. முக்கால் புத்தகம் பிரமாதம், கடைசியில் கோட்டை விட்டுவிட்டார். வியாழன் கனத்துக்கு ஒரு மேகம் வந்து சூரியனை மறைக்கிறது, பூமி முதலில் வெந்து பிறகு உறைகிறது, மேகத்துக்கு உயிரும் அறிவும் உண்டு என்று தெரிகிறது, அது ஆங்கிலம் கற்று ரேடியோவில் பேசுகிறது. இதுவரை சரி. தன் அறிவைக் கற்றுத்தர அது ஒப்புக்கொண்டதும் முதலில் வைகார்ட் என்ற விஞ்ஞானி சாகிறார், பிறகு கதையின் நாயகனான வானியலாளர் கிங்ஸ்லி. மூளை கொதித்துப் போயிற்றாம். சீரியலில் ஆள் நடிக்க வரவில்லை என்றால் போட்டோவுக்கு மாலை போடுவார்களே, அந்த மாதிரி.

என் கட்சி இது: ஹாயிலுக்கு மீயறிவு (மனிதனை மிஞ்சிய அறிவு) என்றால் வேகமான கம்ப்யூட்டர், அவ்வளவுதான். வோல்டேஜ் ஏறியது, ஃபியூஸ் போனது. மறுப்பவர்கள் வரலாம்.

(கதை முடிவைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். 68 வருஷப் புத்தகம்.)

மஞ்சக்குப்பம்
1 செப்டம்பர் 2025, இரவு 11:05

வேகம் என்றீர்களே, இடறியது அங்கேதான். அந்த மேகம் மகா மந்தம்.

கணக்கைப் பாருங்கள். மேகத்தின் குறுக்களவு 15 கோடி கிலோமீட்டர் என்று வையுங்கள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம். உள்ளே செய்தி போவது மின்காந்த அலையில். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 500 விநாடி, அதாவது 8 நிமிஷத்துக்குச் சற்று மேல். நம் மண்டைக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 சென்டிமீட்டர். வேகமான நரம்பு விநாடிக்கு 100 மீட்டர் கடத்தும். ஒன்றரை மில்லி விநாடியில் முடிந்தது. ஆக ஒரு யோசனை உடம்பு முழுக்க ஒரு சுற்று வர, மேகத்துக்கு நம்மைவிட மூன்று லட்சம் மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும்.

யோசிக்கும் பாகம் நடுவில் மட்டும் என்று வைத்தாலும், அது 15 லட்சம் கிலோமீட்டர் என்றால் 5 விநாடி. அப்போதும் நம்மிடம் தோற்கும். அதன் பலம் வேகத்தில் இல்லை, அகலத்தில். ஒரே நேரத்தில் எத்தனை கோடி வேலை நடக்கிறது என்பதில். கிரகத்தில் அறிவுள்ள உயிர் இருப்பதே அபூர்வம் என்று மேகம் சொல்லும் இடத்தைத் திரும்பப் படியுங்கள். ஈர்ப்பு விசை உடம்பைக் கட்டிப்போடுகிறது, உடம்பு சின்னது என்பதால் மூளையும் சின்னது. அளவு பற்றிய பேச்சு அது.

தேவனாம்பட்டினம்
1 செப்டம்பர் 2025, இரவு 11:20

ஒரு கேள்விக்கு எட்டு நிமிஷத்தில் பதிலா? பரவாயில்லையே. தாலுகா ஆபீசில் போட்ட மனுவுக்கு இந்த மேகத்தை உட்கார வைக்கலாம்.

பண்ருட்டி
2 செப்டம்பர் 2025, காலை 7:30

மஞ்சக்குப்பம் சார், கணக்கு அழகு. ஆனால் பியானோ இடத்தை மறந்துவிட்டீர்கள். பீத்தோவனின் ஹாமர்கிளாவியர் சொனாட்டாவை மேகத்துக்கு அனுப்புகிறார்கள். முதல் பகுதியை 30 விழுக்காடு வேகம் கூட்டித் திரும்ப வாசிக்கச் சொல்கிறது. ‘உங்கள் பாட்டு எனக்கு ஜவ்வு’ என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வேகப் பைத்தியம்தான்.

மஞ்சக்குப்பம்
2 செப்டம்பர் 2025, மதியம் 1:15

அதை நானே எடுக்க நினைத்தேன், நீங்கள் முந்திக்கொண்டு எனக்குச் சாதகமாக எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த சொனாட்டாவின் (ஓபஸ் 106) முதல் பகுதிக்கு பீத்தோவன் தானே மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) எண் போட்டிருக்கிறார்: அரை ஸ்வரம் நிமிஷத்துக்கு 138. தலைதெறிக்கும் வேகம். மெட்ரோனோம் பழுது, காது பழுது, மனுஷனே பழுது என்று இருநூறு வருஷமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு பல கலைஞர்கள் அதைவிட மெதுவாகத்தான் வாசிக்கிறார்கள். இப்போது 138ஐ 1.3ஆல் வகுங்கள். 106. அந்த அளவில் வாசிப்பது ரொம்பச் சாதாரணம். மேகம் கேட்டது தன் வேகத்தை அல்ல, பீத்தோவன் எழுதிவைத்த வேகத்தை. தாளில் இருந்த எண் அதற்குத் தெரியாது. இசையின் கட்டமைப்பிலிருந்தே அந்த எண்ணைப் பிடித்துவிட்டது.

மேகம் புத்திசாலி என்று கதாசிரியர் பத்துப் பக்கம் சொல்லலாம். இங்கே ஒரே வரியில் செய்துகாட்டுகிறார். நாவலிலேயே ஆகச் சிறந்த இடம் இதுதான் என்பேன். மனிதர் தன் மேல் ஏவிய ராக்கெட்டை மேகம் எல் பாசோ, சிகாகோ, கீவ் என்று திருப்பி அனுப்புவதெல்லாம் பக்கத்துத் தெரு ரவுடித்தனம்.

தேவனாம்பட்டினம்
2 செப்டம்பர் 2025, மதியம் 1:40

நம்மூர் வித்வானிடம் போய் 30 விழுக்காடு கூட்டுங்க என்றால் அடி விழும். ‘இரண்டாம் காலம் வேணுமா, மூன்றாம் காலம் வேணுமா, தெளிவா சொல்லு.’

மஞ்சக்குப்பம்
3 செப்டம்பர் 2025, இரவு 9:50

வேறு ஒரு நண்பர் தனியாகக் கேட்டிருந்தார்: ‘அவ்வளவு மெல்லிய வாயு எப்படிச் சூரியனை மறைக்கும்?’ அவருக்கு அவசரத்தில் ‘காற்றைவிட நூறு கோடி மடங்கு மெலிது’ என்று எழுதிவிட்டேன். தப்பு. கன சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் என்பதையும் கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதையும் குழப்பியதன் பலன். இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு கிடக்கிறது, இந்த வகைக் கணக்கில் எல்லோரும் விழுகிற பள்ளம் இது.

சரியான கணக்கு: வியாழன் நிறை 1.9 × 10²⁷ கிலோ. அதை 15 கோடி கிலோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையில் பரப்பினால் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். காற்று 1.2 கிலோ. ஆக 11 லட்சம் மடங்கு மெலிது. இந்தக் காலத்தில் அதை நல்ல வெற்றிடம் என்றே சொல்வோம்.

ஆனால் மறைப்பது அடர்த்தியல்ல, அடுக்கு. நடுவாகப் பார்க்கும்போது ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பின்னால் 15 கோடி கிலோமீட்டர் வாயு நிற்கிறது. ஒரு மில்லிகிராமை அத்தனை மீட்டரால் பெருக்கினால் 160 டன். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று மண்டலம் முழுவதும் சதுர மீட்டருக்கு 10 டன்தான். 160 டன்னில் நூறில் ஒரு பங்கு தூசி என்று வையுங்கள் (நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள மேகங்களில் அந்த விகிதம்தான்), 1.6 டன் தூசி. சில்வர் பீச் மணலைச் சதுர மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரம் குவித்தால் அதே எடை. அதன் வழியாக வெயில் வருமா என்று நீங்களே சொல்லுங்கள். தூசியை மாவாக அரைத்துத் தூவினால் இன்னும் மோசம், ஆயிரத்தில் ஒரு பங்கே போதும்.

ஹாயில் சும்மா கை வீசவில்லை. புத்தகத்தின் அடிக்குறிப்பில் சமன்பாடே வருகிறது.

முத்தியால்பேட்டை
4 செப்டம்பர் 2025, காலை 6:45

மேகம் சூரியனை மறைத்த கதையை இங்கிலாந்திலேயே தேடிக்கொண்டிருக்கிறீர்கள். புதுச்சேரியில் நடந்தது ஒன்று உண்டு.

கியோம் லெ ழாந்தி. (ஆங்கிலப் புத்தகங்களில் லெ ஜென்டில் என்று இருக்கும்.) வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க பிரான்சிலிருந்து கிளம்பியவர். 1761இல் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. கப்பல் திரும்பியது. கடவை நாள் நடுக்கடலில், வானம் தெளிவு, ஆடுகிற தளத்தில் அளவெடுக்க வழியில்லை. அடுத்தது எட்டு வருஷம் கழித்து. ஊர் திரும்பாமல் காத்திருந்தார். 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து, ஆங்கிலேயர் இடித்த கோட்டையின் இடிபாட்டு மேலேயே வானாய்வுக் கூடம் கட்டினார். சென்னையிலிருந்து அதே ஆங்கிலேயர் தொலைநோக்கி கொடுத்து அனுப்பினார்கள். அதற்கு முந்தைய மாதம் முழுக்கக் காலை வானம் பளிச்சென்று இருந்தது. 1769 ஜூன் 4 விடியலில் மேகம். கடவை முடிந்த பிறகு வெயில். அதற்கடுத்தது 1874.

இதில் வேடிக்கை: பாரிசில் இருந்த காலத்தில் அவர் குறித்துவைத்த விண்பொருள்களில் சிக்னஸ் மண்டலத்தின் ஒரு கரிய மேகமும் உண்டு. அதற்கு இன்றும் ‘லெ ழாந்தி 3’ என்றுதான் பெயர். கரு மேகத்துக்குப் பெயர் கொடுத்தவரை வெள்ளை மேகம் கவிழ்த்துவிட்டது.

பண்ருட்டி
4 செப்டம்பர் 2025, காலை 8:02

முத்தியால்பேட்டையாரே, நல்ல கதைதான், ஆனால் கிங்ஸ்லி சாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? விட்டால் ஆயி மண்டபம் வரை கூட்டிப் போவீர்கள்.

சரி, லெ ழாந்தி பேச்சை எடுத்தாயிற்று, நானும் ஒன்று போடுகிறேன். நம்மூர்த் தமிழர் ஒருவர் அவருக்குக் கிரகணக் கணக்கு கற்றுக் கொடுத்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழர் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் டோபியாஸ் மாயர் அட்டவணை 68 விநாடி அதிகம். அன்றைக்கே நாம் ஜெயித்தாயிற்று!

முத்தியால்பேட்டை
4 செப்டம்பர் 2025, இரவு 10:30

அந்த 41 விநாடியை எல்லோரும் பார்வர்டு பண்ணுவார்கள். கூடவே இதையும் பண்ணுங்கள்.

லெ ழாந்தி இங்கே வந்தது 1768. கிரகணம் 1765. ஆக அது நடந்து முடிந்த கிரகணத்துக்குப் போட்ட கணக்கு. ஒப்பிட்டது கால அளவை மட்டும், தொடக்க நேரத்தை அல்ல. அரை மணி தள்ளி ஆரம்பித்து அரை மணி தள்ளி முடிந்தாலும் கால அளவு சரியாகத்தான் இருக்கும்.

ஜான் வாரன் என்பவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் இருந்தவர், கடைசியில் புதுச்சேரியிலேயே இறந்தவர். அவர் 1825இல் ‘கால சங்கலித’ வெளியிட்டார். அதற்காகப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவரை உட்கார வைத்து, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைப் போடச் சொன்னார். தாள் கிடையாது, பேனா கிடையாது. தரையில் சோழி. அட்டவணை முழுக்க மனப்பாடம். பிழை: தொடக்கத்தில் கூடுதலாக 4 நிமிஷம், நடுவில் குறைவாக 23, முடிவில் குறைவாக 52. கால அளவில் மட்டும் 56 நிமிஷம் போயிற்று. நாளைக்கு மறுநாள் தாண்டி வரும் ஞாயிறு இரவு கிரகணம் 9:57க்குப் பிடித்து 1:26க்கு விடுகிறது, மூன்றரை மணி நேரம். அதில் 56 நிமிஷம் என்றால் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருந்தும் என் மரியாதை சோழிக்காரருக்குத்தான், 41 விநாடிக்கு அல்ல. நடுநேரத்தில் 23 நிமிஷம் என்றால் நிலா இருப்பிடத்தில் ஐந்தில் ஒரு டிகிரி, நிலா வட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. வெறும் சோழியில்!

அட்டவணை மனப்பாடம் ஆகிற விதம்: எழுத்துக்கு ஒரு எண். க, ட, ப, ய ஒவ்வொன்றும் 1இல் ஆரம்பிக்கும் கடபயாதி முறை. நிலாவுக்கு 248 வாக்கியம், நாளைக்கு ஒன்று. 248 நாளில் நிலா பூமிக்கு மிக அருகில் வந்து திரும்பும் சுற்று ஏறக்குறைய 9 முழுசாக முடிந்துவிடும், பிறகு முதலிலிருந்து. முதல் வாக்கியம் ‘கீர் ந: ச்ரேய:’. க வரிசையில் மூன்றாவதான க 3, ந 0, கூட்டெழுத்தில் கடைசி மெய்யான ர 2, ய 1. தலைகீழாகப் படித்தால் 1203, அதாவது 12 டிகிரி 3 கலை (கலை என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). வாக்கியப் பஞ்சாங்கத்தின் ‘வாக்கியம்’ இதுதான். சனிப்பெயர்ச்சி வரும்போதெல்லாம் திருக்கணிதக்காரரோடு தேதிச் சண்டை போடுகிற அதே பஞ்சாங்கம்.

இப்போது பண்ருட்டியாரின் சம்பந்தம். வானியல் கோட்பாடு ஒரு சொல்கூட அந்தச் சோழிக்காரருக்குத் தெரியாது, வழிமுறை மட்டும் தெரியும். நாவலின் முடிவில் டாக்டர் மக்நீல் என்ன சொல்கிறார்? கிங்ஸ்லியை உட்கார வைத்தது தப்பு, தோட்டக்காரர் ஜோ ஸ்டாடார்டை உட்கார வைத்திருக்கலாம் என்கிறார். கிங்ஸ்லி மண்டையில் ஏற்கெனவே ஒரு பிரபஞ்சம் கட்டிவைத்திருந்தது. புதியது வந்ததும் இரண்டும் மோதின. ஆளைக் கொன்றது வேகமல்ல, ஏற்கெனவே தெரிந்தது. வோல்டேஜ் ஏறவில்லை ஐயா, இரண்டு லைன் ஒன்றோடொன்று உரசியது.

தேவனாம்பட்டினம்
4 செப்டம்பர் 2025, இரவு 10:41

அப்போ அரியர் வைத்த எனக்குத்தான் மேகத்திடம் டியூஷன் படிக்கத் தகுதி.

மஞ்சக்குப்பம்
5 செப்டம்பர் 2025, இரவு 9:20

முத்தியால்பேட்டையார் சொன்னதில் பாதி சரி. மீதியை மறுக்கிறேன்.

கோட்பாடு இல்லாத வழிமுறை எங்கே உடையும் என்பதையும் இதே நாவல் காட்டுகிறது. மேகம் எப்போது வந்து சேரும் என்ற கணக்கை எடுங்கள். தூரமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். மேகத்தின் கோண அகலத்தை இன்று அளந்து, ஒரு மாதம் கழித்து அளந்து, மாதத்துக்கு 5 விழுக்காடு பெருத்திருந்தால் 100 வகுத்தல் 5, ஆக 20 மாதம். நெடுஞ்சாலையில் எதிர்வரும் லாரி மேலே ஏறுமா என்று மாடு கணிப்பது இப்படித்தான். ஜோவும் போடலாம்.

ஆனால் அளவெடுப்பில் ஒரே ஒரு விழுக்காடு தவறட்டும். 6 என்றால் 16.7 மாதம், 4 என்றால் 25. மேகத்தின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்காது, நட்சத்திரம் மங்குவதை வைத்துத்தான் எல்லையைக் குறிக்க வேண்டும். ஒரு விழுக்காடு சர்வசாதாரணமாகத் தவறும். அது முதல் பள்ளம். சூரியனின் ஈர்ப்பு மேகத்தை இழுப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் கதை: மேகம் முன்பக்கமாக வாயுவைப் பீய்ச்சி பிரேக் போடுகிறது. எல்லார் கணக்கும் பொய்த்தது. பொய்த்த இடத்தில் ‘ஏன்?’ என்று கேட்க ஒரு கிங்ஸ்லி வேண்டும். ரேடியோ அனுப்பும்போதெல்லாம் மேல் வளிமண்டலத்தில் அயனியாக்கம் ஏறி அலை அடைபடுவதைப் பார்த்து ‘எதிரே யாரோ பதில் வினை செய்கிறார்கள்’ என்று சொன்னதும் அவரே. அது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? சாதாரண அயனி மண்டலம் 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் தடுக்கும். 10 சென்டிமீட்டர் அலையை, அதாவது 3 கிகாஹெர்ட்ஸை மறிக்க எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒரு லட்சம் மடங்கு ஏற வேண்டும். தற்செயலாக ஏறாது. சோழிக்காரர் இதைக் கண்டிருந்தால் சோழியைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டிருப்பார்.

பண்ருட்டி
6 செப்டம்பர் 2025, காலை 9:10

ஃபியூஸ் கட்சியைக் கலைக்கிறேன். பியானோ இடத்திலேயே பாதி விழுந்துவிட்டது, சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் புதுக் குற்றச்சாட்டு. ‘உங்களில் முதல் மேகம் எப்படி வந்தது?’ என்ற கேள்விக்கு, முதல் என்று ஒன்று இருந்தது என்பதையே ஒப்பமாட்டேன் என்கிறது மேகம். இது மேகம் பேசுவதா, ஹாயில் பேசுவதா? 1948இல் பாண்டி, கோல்டு இவர்களோடு சேர்ந்து ‘பிரபஞ்சத்துக்கு ஆரம்பம் இல்லை’ என்று நிலைத்த நிலைக் கோட்பாடு கொண்டுவந்தவர். ஆரம்பம் உண்டு என்ற எதிர்க்கட்சிக்கு ‘பிக் பேங்’ என்று 1949இல் வானொலியில் பெயர் வைத்தவரும் அவரே. மீயறிவு உயிரைப் படைத்து, அதன் வாயில் தன் கட்சிக் கொள்கையைத் திணித்தால் எப்படி?

(பாண்டி என்றதும் யாரும் பஸ் ஏற வேண்டாம். ஹெர்மன் பாண்டி, மனுஷர்.)

முத்தியால்பேட்டை
6 செப்டம்பர் 2025, காலை 9:48

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கட்சி நோட்டீஸ்தான். 1965இல் பிக் பேங்கின் மிச்சமான பின்னணிக் கதிர்வீச்சு கிடைத்த பிறகு அந்தப் பக்கங்களுக்கு வயசாகிவிட்டது.

மஞ்சக்குப்பம்
6 செப்டம்பர் 2025, மாலை 6:30

நான் கொஞ்சம் வாதாடுகிறேன். அதே மேகம் கடைசியில் கிளம்பிப் போவது எதற்கு? ஆழமான கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டதாகச் சொன்ன இன்னொரு மேகம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போகிறது. எல்லாம் தெரிந்தது என்று ஹாயில் எழுதவில்லை. கிங்ஸ்லிக்கு நேர்ந்ததே அதன் சாதியில் ஒன்றுக்கும் நேர்ந்திருக்கலாம் என்று விட்டுவிடுகிறார். அந்த இடத்தில் மீயறிவும் நம்மோடு ஒரே பெஞ்சில்.

கட்சி நோட்டீஸ் பற்றி மறுப்பு இல்லை. பெண் பாத்திரங்கள் பற்றியும் யாரும் கேட்டுவிடாதீர்கள், அதற்கும் பதில் இல்லை.

தேவனாம்பட்டினம்
8 செப்டம்பர் 2025, இரவு 8:15

லெ ழாந்தி 3 நம்ம பீச்சிலிருந்து தெரியுமா? கேமரா இருக்கு, ஸ்டாண்டு இருக்கு.

மஞ்சக்குப்பம்
8 செப்டம்பர் 2025, இரவு 9:40

தம்பி, 21ஆம் தேதி மகாளய அமாவாசை, அதை ஒட்டிய ராத்திரி பாருங்கள். அதற்குப் பிறகு வடகிழக்குப் பருவமழை, வருஷம் போயிற்று. இரவு 9 மணி வாக்கில் நேர் வடக்கே தெனெப் நட்சத்திரம் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி மூடிய முஷ்டி 10 டிகிரி, அடிவானத்திலிருந்து ஐந்தரை முஷ்டி. தெனெப்பிலிருந்து சீஃபஸ் நட்சத்திர மண்டலத்தின் பக்கம் கீழே இறங்கினால் பால்வீதியில் புனல் மாதிரி ஒரு கரிய வாய். அதுதான்.

பீச்சில் விளக்குக் கம்பத்துப் பக்கம் நின்றால் வெறும் வானம்தான். வடக்கே அடிவானத்தில் புதுச்சேரி வெளிச்சம் நிற்கும், ஆனால் தெனெப் அதற்கு நன்றாக மேலே. நெய்வேலிப் பக்கத்து வெளிச்சம் முதுகுக்குப் பின்னால், தொல்லை இல்லை. 20 நிமிஷம் போனைப் பார்க்காமல் இருங்கள். வெறுங்கண்ணுக்குப் பால்வீதியே தெரியவில்லை என்றால் கரு மேகமும் தெரியாது, இடத்தை மாற்றுங்கள்.

கேமராவுக்கு 24 மில்லிமீட்டர் லென்ஸ், துளை 2.8, ஐஎஸ்ஓ 3200. 500ஐ 24ஆல் வகுத்தால் 20 விநாடி, அதற்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகும். உங்களுடையது சின்ன சென்சார் என்றால் 13. ஏசி காரிலிருந்து எடுத்ததும் கடல் ஈரத்தில் லென்ஸ் வேர்க்கும், துடைத்தால் உப்புக் கோடு விழும். பையை மூடியபடி அரைமணி வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

தேவனாம்பட்டினம்
8 செப்டம்பர் 2025, இரவு 9:52

மேகம் வந்து மறைத்துவிட்டால்?

முத்தியால்பேட்டை
8 செப்டம்பர் 2025, இரவு 9:55

வந்தால் ஹாமர்கிளாவியர் போட்டுக் காட்டுங்கள். 138இல்.

முத்தியால்பேட்டை
9 செப்டம்பர் 2025, காலை 6:10

ஒரு திருத்தம். 4ஆம் தேதிக் குறிப்பில் ‘நாளைக்கு மறுநாள் தாண்டி வரும் ஞாயிறு’ என்று சுற்றி வளைத்திருக்கிறேன். செப்டம்பர் 7 என்று எழுதியிருக்க வேண்டும். மற்ற எண்கள் அப்படியே.